வாய்க்குள்ளே ஓர் உலோகம்

கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது என்று சொல்லாத பெண்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? ரவிக்கை ஹூக் பட்ட இடத்தில் முதுகு அரிக்கும். வாட்ச் கட்டின மணிக்கட்டில் தடிப்பு வரும். தாலிச் சரட்டில் கோத்த சேஃப்டி பின் நெஞ்சில் உரசி உரசி அந்த இடமே கறுத்துப் போகும். "எனக்குத் தங்கம்தாம்மா ஒத்துக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மருதாணி எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். இதற்கெல்லாம் பெரும்பாலும் காரணம் நிக்கல் என்கிற ஒரு உலோகம். பித்தளையின் மேல் பளபளப்புக்காக முதலில் நிக்கல் பூசி, அதற்கு மேல்தான் தங்க முலாம் பூசுகிறார்கள். மேல் பூச்சு வியர்வையில் தேய்ந்ததும் உள்ளே இருப்பது தோலைத் தொடுகிறது. ஆண்களைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகம் இருப்பதற்குக் காது குத்துவதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 1994லேயே நகைகளிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்கு அளவு வைத்துச் சட்டம் கொண்டு வந்தார்கள்.

காதோடு நின்றால் பரவாயில்லை. அதே நிக்கல் வாய்க்குள் வந்தால்?

பல்லுக்குப் போடுகிற கேப் இருக்கிறதல்லவா, மேலே பீங்கான் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தாலும் பலவற்றில் உள்ளே உலோகம்தான். விலை குறைந்தவற்றில் அது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவையாக இருக்கும். நம் எவர்சில்வர் பாத்திரத்திலும் இந்த இரண்டும் உண்டு. நல்ல எவர்சில்வரில் 100க்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். (நம் நீலகிரித் தேயிலையிலேயே கொஞ்சம் நிக்கல் இருக்கிறதாம்! அதற்காக யாரும் டீயை விட்டுவிட வேண்டாம்.) எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிற எல்லாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதுபோல கேப் போட்ட எல்லாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒத்துக்கொள்ளாத சிலருக்குத்தான் சங்கடம்.

கோத்தகிரியில் இருக்கும் என் நாத்தனார் அந்தச் சிலரில் ஒருத்தி. வயது 52. கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுத்த இடத்தில், கோயமுத்தூரில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டார். எலும்புக்குள் ஒரு திருகாணியை இறக்கி, அது பிடித்துக்கொண்ட பின் மேலே கேப் மாட்டுகிற வைத்தியம். கேப் மாட்டி மூன்று மாதத்தில் அதை ஒட்டிய ஈறும் கன்னத்தின் உட்புறமும் சிவந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. ரசம் வாயில் பட்டால் எரிச்சல். அக்கம்பக்கத்தில் ஒருவர், "உடம்புக்குள்ள இரும்பு இருந்தா ரத்தமே கெட்டுடும், பழைய வெள்ளி அடைப்பையும் சேர்த்து எல்லாத்தையும் பிடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். நாத்தனார் போன் செய்து, "அம்மிணி, ரெண்டு வளையலை அடகு வச்சாவது எடுத்துப் போடறேன், இந்தச் சனியன் வேண்டாம்" என்று அழுதார்.

"அண்ணி, எடுக்கறதை எப்ப வேணா எடுக்கலாம். எது ஒத்துக்கலைன்னு முதல்ல தெரியட்டும்" என்றேன். கேப் எந்த உலோகம் என்று வைத்த இடத்தில் கேட்டால், "நல்ல மெட்டல்தான்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. காசு வாங்குகிறவர்கள் இதையாவது எழுதிக் கொடுக்க வேண்டாமா? கடைசியில் கேப் செய்த லேபில் விசாரித்துச் சொன்னார்கள்: நிக்கல், குரோமியம்.

பிறகு தோல் டாக்டரிடம் போனோம். ஒத்துக்கொள்ளாததைக் கண்டுபிடிக்க 'பேட்ச் டெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. சின்னச் சின்ன வில்லைகளில் ஒவ்வொரு பொருளையும் வைத்து முதுகில் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் நான்காம் நாள் பார்க்கிறார்கள். இந்த வகை ஒவ்வாமை உடனே காட்டாது, மெதுவாகத்தான் தலை தூக்கும். அதனால்தான் இரண்டு தரம் பார்ப்பது. அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. மலைக்கும் கோயமுத்தூருக்கும் அலைய முடியாதென்று நாத்தனார் அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். 'அரிப்புக்கு' என்று ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெஸ்ட் பொய் சொல்லும்.

நிக்கல் வில்லை ஒட்டின இடம் நன்றாகத் தடித்துச் சிவந்திருந்தது. கேட்டால், கல்யாணமான நாளிலிருந்தே கவரிங் ஒத்துக்கொள்ளாதாம். பல் டாக்டரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

திருகாணியைத் தொடவேயில்லை. அது டைட்டானியம். கேப்பை மட்டும் கழற்றிவிட்டு உலோகமே இல்லாத ஜிர்கோனியா கேப் போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் சிவப்பும் கோடுகளும் அடங்கின. வாய் உலர்ந்து போவது மட்டும் போகவில்லை. அது ரத்தக் கொதிப்பு மாத்திரையால் வருவது என்று பிறகு தெரிந்தது. பாருங்கள், அதையும் சேர்த்து அந்தக் கேப்பின் தலையில்தான் போட்டிருந்தோம்.

டைட்டானியம் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அதன் தாது நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. ஸ்வீடன் நாட்டு பிரனேமார்க் என்பவர் 1952ல் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் குழாயை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்தார். முடிந்ததும் எடுக்கப் பார்த்தால் எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த வைத்தியம். 1965ல் முதன்முதலாக அவரிடம் வைத்துக்கொண்டவர், 2006ல் இறக்கும் வரை 40 வருஷம் அந்தப் பற்களோடு இருந்தார். டைட்டானியமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். ஸ்பெயினில் இம்ப்ளான்ட் வைத்த 1500 பேரைப் பார்த்து 2008ல் வெளியிட்ட ஆய்வில் ஒவ்வாமை காட்டியவர்கள் 9 பேர். டைட்டானியத்துக்கு மட்டும் பேட்ச் டெஸ்ட் அவ்வளவு நம்பகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு வீங்கினால், சீழ் வந்தால், பெரும்பாலும் அது கிருமியின் வேலை. சரியாகத் துலக்காதது, கட்டுப்படாத சர்க்கரை, புகை, இவைதான் அதற்கு உரம்.

இனி வெள்ளி அடைப்பு. இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பெயர்தான் வெள்ளி, அதில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மெல்லும்போது மிகக் கொஞ்சம் ஆவி வரும் என்பது உண்மை. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் புதிதாக அதை வைக்காமல் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க மருந்துத் துறை 2020ல் சொன்னது. அதே அறிக்கையில், நன்றாக இருக்கிற பழைய அடைப்பைக் காரணமில்லாமல் தோண்டி எடுக்காதீர்கள் என்றும் சொன்னது. தோண்டும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தக் காரியம் வேண்டவே வேண்டாம். ஜப்பானின் மினமாட்டா ஊர் பெயரில் உள்ள பாதரச ஒப்பந்தத்தை இந்தியா 2018ல் ஏற்றது. அந்த ஒப்பந்த நாடுகள் 2025ல் கூடி, பல்லுக்குப் பாதரசம் வைப்பதை 2034க்குள் நிறுத்துவதென்று முடிவு செய்திருக்கின்றன. இப்போது பல டாக்டர்கள் பல் நிறத்திலேயே அடைத்துவிடுகிறார்கள்.

உலோகத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. எஸ்டேட் லைன்களில் குளிருக்கு வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பெண்கள் எத்தனை பேர்! கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ வந்தால் "கேப் உரசுது" என்று மாசக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். புற்றுநோயின் ஆரம்பமாகக்கூட இருக்கலாம். நாத்தனாருக்கும் முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் மேலே போனார்கள். வாய் எரிச்சலுக்கு ரத்தசோகை, சர்க்கரை, மாதவிடாய் நிற்கிற வயது, இவையும் காரணமாகலாம்.

வாணியம்பாடி விஷயம் சில சகோதரிகளுக்கு நினைவிருக்கலாம். அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொண்ட 10 பேருக்கு 2022-23ல் மூளை வரை கிருமி போய், அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2025ல் வெளிவந்த ஆய்வு, வாய் கழுவின சலைன் பாட்டிலைத்தான் காட்டியது. கருவியால் திறந்து, பஞ்சு வைத்து மூடி, அதையே திரும்பத் திரும்ப உபயோகித்திருந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி அதில் வளர்ந்துவிட்டது. எந்த உலோகமும் அதற்குப் பொறுப்பில்லை. எனவே பல் டாக்டரிடம் போகும்போது, "சலைன் புதுசா உடைச்சதுதானே, கருவியெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணினதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கவரிங் ஒத்துக்கொள்ளாதென்றால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லுங்கள். வைக்கிற கேப்பும் திருகாணியும் என்ன உலோகம், எந்தக் கம்பெனி என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.

டிசம்பர் உறைபனியில் குழந்தைகளுக்கு உதடும் கன்னமும் வெடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.