வழியில் நிற்கும் கடிதங்கள்

மலையகத் தோட்டங்களில் கடிதங்கள் தாமதமாவதற்கு மலையும் மழையுமே காரணம் என்று கூறுவது நீண்டகால வழக்கமாகிவிட்டது. தூரத்தின்மீது பழியைச் சுமத்திவிட்டால், பொறுப்பாளர் எவரும் பதிலிறுக்க வேண்டியதில்லை. எனினும், தாமதம் பெரும்பாலும் இடையிலே நிகழும் கையாளலால் விளைவது என்பதைக் கணினி வலையமைப்பு தெளிவாக உணர்த்துகின்றது.

வலையமைப்பிலே தகவல் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய முகவரியைத் தாங்கிச் செல்கின்றது. இடையிலுள்ள கணினி அம்முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்பினாற் போதும். ஆயினும், பொதுவான இயங்குதளங்கள் பொதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நினைவிடம் ஒதுக்கியும் பிரதியெடுத்தும் காலத்தை விரயமாக்கின. இத்தாலியின் பீசாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிஸோ, திறந்த மூல இயங்குதளமான பிரீ பி.எஸ்.டி.க்கென அமைத்த 'நெட்மப்' என்னும் முறையை 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நினைவிடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது, பிரதியெடுத்தல் தவிர்க்கப்பட்டது, பொதிகள் தொகுதியாகக் கையாளப்பட்டன. 900 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஒரேயொரு செயலிக் கரு விநாடிக்கு 1 கோடியே 48 இலட்சத்து 80 ஆயிரம் பொதிகளை அனுப்பவல்லதாயிற்று. தூரம் குறையவில்லை, வீண் கையாளலே ஒழிந்தது.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பல தோட்டங்களில் நிகழ்வதென்ன? லயன் அறைகளுக்குத் தனி இலக்கமில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அங்கு வாழும் குடும்பங்கள் அனைத்துக்கும் பொது முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்கப்பட்டு, யாரேனும் ஒருவர் கைவழியே லயத்தை அடைகின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. கடிதம் போய்ச் சேரும் வாசல் மட்டும் மாறவில்லை.

நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்பைப் பெறும் இளைஞனுக்கும், ஏல அறிவித்தல் கிட்டாமல் அடகு நகையை இழக்கும் தாய்க்கும் யார் ஈடு செய்வர்?

கைத்தொலைபேசி யுகத்தில் கடிதம் எதற்கென்பார் உளர். நீதிமன்றமும் வங்கியும் அரச திணைக்களமும் இன்றும் கடிதத்தாலேயே பேசுகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நிதியில்லை என்பாரும் உளர். கதவுக்கோர் இலக்கம் எழுத எத்தனை கோடி வேண்டும்?

ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம், ஒவ்வொரு பாதைக்கும் பெயர், வாசல்வரை வரும் தபாற்காரர் – இவை சலுகைகளல்ல; குடிமக்களின் உரிமைகள். கணினியின் பொதிக்கே தனி முகவரி உண்டு. தலைமுறைகளாக இம்மண்ணிலே கொழுந்து பறிக்கும் மனிதருக்கு அது இல்லையெனில், அது நாட்டுக்கே இழுக்கு.