ஆசான் இல்லாத முதற்பாடம்

விளையாட்டு வேறு, கல்வி வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் என்றாலோ கேட்கவே வேண்டாம். மாணவனைக் கெடுக்க வந்த கருவி அது என்பதே பெரியோர் பலரின் முடிவு. அம்முடிவில் உண்மையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆயினும் அவ்விளையாட்டுகளுள் ஒன்று, தமிழாசிரியனாகிய எனக்குக் கற்பிக்கும் முறை குறித்து ஒரு பாடம் புகட்டியிருக்கிறது. அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சீட்டு விளையாட்டுக்கான அட்டைகள் செய்யும் நிறுவனமாக 1889ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரில் தோன்றியது நிண்டெண்டோ. அது 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அக்கருவிக்கென 1985 செப்டம்பரில் வந்ததே சூப்பர் மாரியோ பிரதர்ஸ். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த இவ்விளையாட்டு, 8 உலகங்களும் உலகத்திற்கு 4 கட்டங்களுமாக 32 கட்டங்கள் கொண்டது. அத்தனையும் அடங்கிய கேசட்டின் கொள்ளளவு வெறும் 40 கிலோபைட். வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே உருவத்தால் வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றி இடத்தை மிச்சப்படுத்தினார்கள். ஈரடியில் ஏழு சீருக்குள் கருத்தை அடக்கும் குறள் வெண்பாவைக் கற்ற நமக்கு இச்சிக்கனத்தின் அருமை எளிதில் விளங்கும்.

1990களில் அக்கருவியைப் பார்த்துச் செய்த போலிகள் நம் நாட்டிலும் பரவின. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த என் மாமா அத்தகைய ஒன்றைக் கொண்டுவந்தார். உடன் கையேடு எதுவும் இல்லை. விளக்கிச் சொல்வாரும் இல்லை. எனினும் அன்று மாலைக்குள் நான் முதற்கட்டத்தைக் கடந்திருந்தேன். “இதெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது?” என்று வாப்பா வியந்து கேட்டார்கள். “யாரும் இல்லை வாப்பா” என்றேன். அதே வாரம் என் தமிழ் விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. யாப்பிலக்கண வினாவுக்கு நான் பெற்றிருந்தது சுழியம். யாரும் சொல்லித் தராததைக் கற்ற பிள்ளை, பல நாள் சொல்லித் தந்ததைக் கற்கவில்லையே! வாப்பா எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னை இன்றும் வினவிக்கொண்டிருக்கிறது.

விடையை அந்த முதற்கட்டத்திலேயே கண்டேன். திரையின் இடப்புறத்தில் மாரியோ வலப்புறம் நோக்கி நிற்கிறான். எதிரே வெட்டவெளி, ஆகவே வலப்புறம் செல்லவேண்டும் என்பதைச் சொல்லாமலே உணர்கிறோம். சில அடிகளில் வினாக்குறி பொறித்த கட்டியொன்று மின்னுகிறது. கூம்பா என்னும் சிறு பகையும் எதிரே வருகிறது. தாவாமல் நின்றால் உயிர் ஒன்று போகும். ஆனால் தொடங்கிய இடம் அருகிலேயே இருப்பதால் இழப்பு சில நொடிகளே. தாவிக் கட்டியை முட்டினாலோ நாணயம் கிடைக்கிறது. அடுத்துக் காளான் ஒன்று வெளிப்பட்டு, வலப்புறம் ஓடிக் குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. அஞ்சி விலக முயன்றாலும் பெரும்பாலும் அது நம்மேல் பட்டுவிடும். பட்டவுடன் மாரியோ வளர்கிறான். காளான் நன்மை செய்வது என்று தெளிகிறோம். பின்னர் எதிரெதிரான இரு படிக்கட்டுகள் வருகின்றன. அவற்றினிடையே தரை உண்டு, தவறி விழுந்தால் கேடில்லை. அதைத் தாண்டியதும் அதே போன்ற படிக்கட்டுகள். இம்முறை இடையில் இருப்பது பாதாளம்!

இதில் ஆழ்ந்த கல்வி நெறி ஒன்று உண்டு. இலக்கணம் சொல்லப்படவில்லை, கண்டறியப்படுகிறது. தொடக்கத்தில் பிழையின் விலை குறைவு. ஒன்றைப் பழகிய பின்னரே அதனினும் கடினமானது முன்வைக்கப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, நூறு முறை தவறினாலும் அக்கருவி நம்மை எள்ளி நகையாடுவதில்லை.

நம் வகுப்பறையில் நடப்பதென்ன? யாப்பு என்றதும் கரும்பலகை நிறைய வாய்பாடுகளை எழுதுகிறோம். ஏழு தளைகளையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். மறுவாரமே தேர்வு, தவறியவன் பெயருக்கு நேரே சிவப்பு மை. முதற்கட்டத்திலேயே பாதாளத்தை வெட்டிவிட்டு, மாணவன் ஓடவில்லையே என்று வருந்துகிறோம்!

ஆசிரியப் பணி ஏற்ற பின் நான் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதில்லை. அவரவர் பெயரையே அசை பிரிக்கச் செய்கிறேன். ராணி தேமாவாகிறாள், கமலா புளிமாவாகிறாள், பாத்திமா கூவிளம், கனிமொழி கருவிளம். தன் பெயரிலேயே இலக்கணம் ஒளிந்திருப்பதைக் கண்ட மாணவியின் முகத்தில் தோன்றும் ஒளி, அந்தக் கட்டியிலிருந்து தெறித்த நாணயத்தைவிடச் சிறந்தது. அடுத்து ஒரு சீர் விடுபட்ட அடியைத் தந்து, செவியைத் துணைகொண்டு நிரப்பச் சொல்கிறேன். இதற்கு மதிப்பெண் இல்லை. எனவே அச்சமும் இல்லை. தளையின் பெயரை மூன்றாம் வாரத்தில்தான் சொல்கிறேன். அதற்குள் அவர்கள் அதை அறிந்திருப்பார்கள். பெயர் மட்டுமே புதிது.

பெரியோர் ஒன்று கேட்கலாம்: விளையாட்டு பொழுதைத் தின்னாதா? தின்னும்; மறுக்கவில்லை. மாரியோவில் தேர்ந்த கை மாரியோவில் மட்டுமே தேர்ந்த கை. அது வாழ்க்கைத் திறன் ஆகிவிடாது. உயிர் போனால் மீண்டும் தொடங்கலாம் என்ற சலுகையும் வெளியுலகில் எப்போதும் கிடைப்பதில்லை. ஆனால் அதனால்தான் சொல்கிறேன்: வெளியுலகம் தராத அச்சலுகையைத் தரவேண்டிய இடம் வகுப்பறையன்றோ? தவறிப் பார்க்கவும் எழுந்து நிற்கவும் இளையோருக்கு வேறெங்கே இடமுண்டு?

மாணவர்களைப் பொத்தானை அழுத்தச் சொல்லி நான் அழைக்கவில்லை. ஆசிரியர்களையே வேண்டுகிறேன்: உங்கள் பாடத்தின் முதற்கட்டத்தை ஒருமுறை புதிய கண்ணோடு நடந்து பாருங்கள். அங்கே தரை இருக்கிறதா, பாதாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இரு படிக்கட்டுகளுக்கிடையே முதலில் தரையை அமைத்துவிட்டால், பாதாளத்தையும் நம் பிள்ளைகள் தாவிக் கடப்பார்கள்.