களியோடை கேட்கும் கணக்கு

நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒலுவிலை அண்மிக்கும்போது ஒரு பாலம் குறுக்கிடுகின்றது. அதன் கீழே ஓடும் நீருக்குக் களியோடை என்று பெயர். பேருந்தில் செல்வோரில் அதனைத் திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஓடை என்னும் பெயரே அதன் பெருமையை மறைத்துவிட்டது போலும். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைச்சரிவுகளிற் பிறந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்து கடலைச் சேரும் பட்டிப்பளை ஆற்றின் கடைக்கூறு அது. அந்த ஆற்றையே இன்று கல்லோயா என்கிறோம்.

ஆற்றின் வரலாறு என்றதும் நெல்லும் மருத நிலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த ஆற்றுக்கு ஆலையின் வரலாறும் உண்டு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. ஆற்றுநீர் பொறியைச் சுழற்றி மின்சாரமும் தந்தது. கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. 1960 அளவில் ஹிங்குராணையில் சீனி ஆலை புகை கக்கத் தொடங்கியது. மனிதர் அஞ்சிய காடு, ஒரு தலைமுறைக்குள் தொழிற்களமாயிற்று.

அந்தப் பெருமுயற்சியை இகழ்வது நன்றியன்று. இந்நாட்டு மக்களின் உணவில் அவ்வணையின் பங்கு பெரிது. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டாமா? 1956இல் அதே பள்ளத்தாக்கில் இனத்தின் பெயரால் மனித இரத்தம் சிந்தியது. சீனி ஆலையோ 1990களில் ஓய்ந்து, பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, பின்னரே மீண்டும் இயங்கலாயிற்று. ஆலை மூடியபோது வேலையிழந்த குடும்பங்களின் கதையை நம் எழுத்தாளருள் எத்தனை பேர் எழுதினர்?

மலையடிவாரத்திலிருந்து இனிக் கழிமுகத்துக்கு வருவோம். ஒலுவிலில் 2008இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பெற்ற அத்துறை 2013இல் திறந்துவைக்கப்பட்டது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை, வந்தது மணல். துறையின் வாயில் மணல் மேடிட்டு, மீன்பிடிப் படகுகளும் உள்ளே வந்துபோக இடருற்றன. வடக்கே கரை இடிந்து, தென்னைகளும் காணிகளும் கடலுக்கு இரையாயின. கரைவலை இழுத்தோர் வலை வளைக்க இடமின்றித் திகைத்தனர்.

இதற்குக் கடலின் மீது குற்றஞ்சாட்டுவது பேதைமை. இக்கரையோரத்தில் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. அலைதடுப்புக் கல்லணைகள் அந்த வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. இன்னொன்றையும் எண்ண வேண்டும். கரைக்கு மணல் கொண்டுவரும் மற்றொரு கை ஆறு. அணைக்குள் தேங்கும் நீர் தன் மண்ணையும் மணலையும் அடியில் இறக்கிவிட்டே வெளியேறும் என்பது நீரியலின் பாலபாடம். எழுபது ஆண்டுகளுக்கும் முன்னர் மேற்கே ஒரு கதவு சாத்தப்பட்டது. பின்னர் தெற்கே மற்றொரு கதவு சாத்தப்பட்டது. அணை கட்டியோர் கடலை நினைக்கவில்லை. துறை கட்டியோர் ஆற்றை நினைக்கவில்லை. ஊற்று முதல் கழிமுகம் வரை ஆறு ஒன்றே என்பதை மறந்ததே நம் பிழை.

இங்கிலாந்தில் குரொம்ஃபோர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் ஒரு சிற்றோடையையும், ஈயச் சுரங்கத்தின் வடிகால் நீரையும் கொண்டு, 1771இல் ஆர்க்ரைட் என்பவர் அங்கே பஞ்சு நூற்கும் ஆலை நிறுவினார். உலகத் தொழிற்புரட்சியின் தொட்டில்களுள் அது ஒன்று. அங்கு சிறுவரும் வேலை வாங்கப்பட்டனர் என்பதும் வரலாறே. 2001இல் அப்பள்ளத்தாக்கின் ஆலைகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஓர் ஓடையின் புகழையும் பழியையும் சேர்த்தே காக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். நாமோ இரண்டையும் மறந்திருக்கிறோம்.

நம்மிடமும் நல்ல பாடம் இல்லாமல் இல்லை. கல்லோயா இடதுகரையில் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள வயல்கள் நீரின்றி வாடுவது நெடுநாள் வழக்கம். 1981இல் குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த வேளையில், மேற்பகுதி விவசாயிகள் தம் பங்கைச் சிக்கனப்படுத்திக் கீழ்ப்பகுதியாருக்கு நீர் விட்டனர். மேலே இருந்தோர் சிங்களவர். கீழே இருந்தோருள் தமிழ் பேசுவோர் பலர். பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிந்துள்ளார். பொறியியலாளர் வரைபடம் சாதிக்காததை, ஆறு ஒன்றே என்று உணர்ந்த உழவர் சாதித்தனர்!

ஆதலால் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒலுவில் துறையைத் தூர்வாரவோ திருத்தவோ விரிக்கவோ இனி எத்திட்டம் வந்தாலும், இங்கினியாகலை முதல் கழிமுகம் வரை நீரும் மணலும் செல்லும் வழியை ஒருங்கே ஆராய்ந்த பின்னரே அதற்கு ஒப்புதல் தரப்பட வேண்டும். இது முதலாவது. கழிமுகத்தின் அருகிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அணை வெட்டியவர், ஆலையில் உழைத்தவர், வலை இழுத்தவர் ஆகியோரின் நினைவுகளை மூன்று மொழியிலும் சேகரித்து, இவ்வாற்றின் தொழில் வரலாற்றை அது எழுதுவிக்க வேண்டும். இது இரண்டாவது. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களோடு சான்றுகளும் மறைகின்றன.

ஆசிரியப் பெருமக்களே, நைல் நதியைப் பற்றி நம் மாணவருக்குக் கற்பிக்கிறோம், அது நன்றே. அடுத்த வாரம் அவர்களைக் களியோடைப் பாலத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எதை இழந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் தலைமுறை, மூன்றாவது கதவொன்றைச் சாத்த எளிதில் இடங்கொடாது.