ஆள் உயரத்துக்கு ஒரு தோல் சுருள்

எத்தியோப்பியாவின் வடக்கு மலைநாட்டில் ஒரு பெண்ணுக்குத் தீராத நோய் வந்தால், பெற்ற பிள்ளைகள் தங்காமல் போனால், குடும்பத்தார் தெப்தெராவைத் தேடிப் போவது நெடுநாள் வழக்கம். தேவாலயப் பாட்டும் வேதமும் கற்று, குருப்பட்டம் பெறாதவர் தெப்தெரா. அவர் வைத்தியம் ஆட்டிலிருந்து தொடங்கும்.

தோலை ஊறவைத்து, மரச்சட்டத்தில் கயிறு கட்டி விறைப்பாக இழுத்து, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டுவார்கள். காய்ந்த தோலைப் பட்டைபட்டையாக அறுத்து, முனைக்கு முனை தைப்பார்கள். நீளம் எவ்வளவு? நோயாளியின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு. தலை முதல் கால் வரை காவல் வேண்டுமே!

அந்தச் சுருளில், கருப்பு மையில், தேவாலய மொழியான கீஸில் வேண்டுதல்கள். முக்கியமான சொற்கள் மட்டும் சிவப்பில். இடையிடையே படங்கள். உருவிய வாளோடு ஒரு தேவதூதர். குழந்தைகளைக் கொல்லும் வெர்செல்யா என்ற பேயைக் குதிரைமேலிருந்து ஈட்டியால் குத்தும் புனிதர் சுசென்யோஸ். எட்டு முனை நட்சத்திரம், அதன் நடுவே ஒரு முகம். எங்கு பார்த்தாலும் அகல விழித்த கண்கள்.

தடித்த கோடு, நிழலில்லாத முகம், அளவு மீறிய விழி. குழந்தை கிறுக்கியதுபோல் இருக்கிறது என்று சொல்லிக் கடந்துபோவது பெரிய தவறு. நோயாளிக்குள் புகுந்த பேய் அவள் கண் வழியாகவே இந்தப் படத்தைப் பார்க்கும், பார்த்ததும் மிரண்டு ஓடும் என்பது நம்பிக்கை. அந்த வேலைக்கு எவ்வளவு பெரிய விழி வேண்டுமோ, அவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறார் ஓவியர்.

தோலில் எழுதும் மரபும் அங்கே மிகப் பழையது. அத்வா அருகே அப்பா கரிமா மடத்துச் சுவிசேஷ ஏடுகளும் ஆட்டுத்தோல்தான், அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை அல்ல என்கிறது கார்பன் கணிப்பு.

இந்தச் சுருள்களுக்கான அருங்காட்சியகச் சீட்டில் ‘நாட்டுப்புற ஓவியம், ஆட்டுத்தோல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. 1997இல் நியூயார்க்கின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் ழாக் மெர்சியேயின் ஆய்வைக் கொண்டு, குணமாக்கும் கலை என்றே இவற்றைக் காட்சிக்கு வைத்தது. அதுதான் சரியான வழி. சுருளின் நீளத்தையும் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

சில சுருள்களில் உடையவர் பெயர் இருந்த இடம் சுரண்டப்பட்டிருக்கும். அதன்மேல், வேறு கையெழுத்தில், இன்னொரு பெயர். ஒருவருக்குக் காவலாக இருந்த தோல் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியருகே குனிந்து அந்த இடத்தையும் தேடிப் பார்க்கட்டும்.