இருப்புக்கொள்ளாத முதல் வாரங்கள்

மனப்பதற்றத்துக்கு மருந்து உண்பதைப் பற்றி நம் இலக்கிய வட்டங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகிறது. மருந்து உண்மையிலேயே தேவைதானா என்பது ஒன்று. எழுதுகிறவரின் நுண்ணுணர்வை அது மழுங்கடித்துவிடாதா என்பது மற்றொன்று. இரண்டும் விவாதிக்கத்தக்கவையே. ஆனால் இவற்றுக்கு இடையில் ஒரு காலப்பகுதி இருக்கிறது. அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. முதல் மாத்திரையை விழுங்கிய நாளுக்கும், அதன் பயனை உணரத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களைச் சொல்கிறோம். துணிந்து மருத்துவரிடம் சென்றவர்களுள் பலர் மருந்தைக் கைவிடுவது இந்த வாரங்களில்தான். அவற்றைக் கடப்பதற்கு, முன்கூட்டியே, தமிழில், விளங்கும்படி சொல்லப்படும் சொல் மருந்தின் அளவுக்கே இன்றியமையாதது என்பது நம் கருத்து.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது. பதற்றக் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் இன்று முதலில் எழுதித் தருபவை பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் வகையைச் சேர்ந்தவை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸெட்டின் முதலியன இவ்வகையின. 1987ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. மனச்சோர்வுக்கான மருந்துகள் என்ற பெயரோடு வந்தவை என்பதால், "எனக்குச் சோர்வு இல்லையே, பயம்தானே" என்று சீட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. ஓயாத மனப்பதற்றம், திடீரெனத் தாக்கும் பீதி, பிறர் முன்னிலையில் எழும் அளவிறந்த அச்சம் ஆகியவற்றிலும் இம்மருந்துகள் பயன்படுவது நெடுநாளாக நிறுவப்பட்ட செய்தி.

நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் மீண்டும் உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. இந்தத் தடுப்பு முதல் வேளை மருந்திலேயே, சில மணி நேரத்தில் தொடங்கிவிடுகிறது. பதற்றம் தணிவதற்கோ பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. சிலருக்கு அதற்கும் மேல். புதிய நிலைமைக்கு மூளை தன்னைச் சிறிது சிறிதாக மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியிருப்பதே இத்தாமதத்துக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. உடல் அவ்வாறு காத்திருப்பதில்லை. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. ஆகவே முதல் முறையீடு பெரும்பாலும் வயிற்றிலிருந்தே வருகிறது: குமட்டல், பசியின்மை, வயிற்றுப்போக்கு. அதனோடு தலைவலி, நாவறட்சி, வியர்வை, கைநடுக்கம். சிலருக்கு உறக்கம் போய்விடுகிறது. சிலருக்குப் பகலெல்லாம் தூக்கக் கலக்கம். வரவு வருமுன்பே செலவு தொடங்கிவிடுகிறது என்று வீட்டுக் கணக்கின் மொழியில் சொல்லலாம். இத்தொல்லைகளில் பெரும்பாலானவை ஓரிரு வாரங்களில் தாமாகவே குறைந்துவிடுகின்றன.

பதற்றம் உடைய ஒருவருக்கு இது மற்ற நோயாளிகளுக்கு நேர்வதைவிடக் கடினமான சோதனை. அவர் ஏற்கெனவே தம் உடலை உளவு பார்த்துக்கொண்டிருப்பவர். ஒரு துடிப்பு தவறினால் மாரடைப்பு என்றும், தலை சுற்றினால் மூளையில் கட்டி என்றும் எண்ணிப் பழகியவர். மருந்து தொடக்கத்தில் கொண்டுவரும் வியர்வையும் நடுக்கமும் வயிற்றுப் புரட்டலும் அவருடைய நோயின் முகச்சாயலிலேயே வந்து நிற்கின்றன. சிலருக்கு முதல் சில நாட்களில் பதற்றமே கூடுகிறது. எது நோய், எது மருந்து என்று பிரித்தறிய இயலாத நிலையில், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவதில் வியப்பில்லை. ஐந்தாம் நாள் மாத்திரைப் பட்டை அலமாரியின் மூலைக்குப் போகிறது. மீண்டும் ஒரு மருத்துவரைத் தேடிச் செல்வதற்கு ஆண்டுகள் ஆகலாம். தம் துன்பத்துக்குத் தீர்வு உண்டு என்று அரும்பிய நம்பிக்கையும் அந்தப் பட்டையோடு சேர்ந்தே மூலைக்குப் போய்விடுகிறது.

இதைத் தவிர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தரப்படவிருக்கும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. அத்தகவல் அவருக்கு விளங்கும் மொழியிலும் வடிவிலும் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறை வேறாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல், தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. வெவ்வேறு கோளாறுகளில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தனர் என்பதும் அதன் முடிவு. அந்நாட்களில் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது மருத்துவர் எத்தனை நிமிடம் பேச முடியும்? மருந்துக்கடையில் பட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரைகளை உறையில் போட்டுத் தருகிறார்கள். விவரத்தாள் அதனுடன் வருவதில்லை; வந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலம். இரவு இரண்டு மணிக்குக் குமட்டலோடு விழித்துக்கொள்கிறவர் கைப்பேசியைத் திறந்து உலகத்தின் அத்தனை பயங்களையும் படிக்கத் தொடங்குகிறார்.

பக்க விளைவுகளை முன்கூட்டியே சொன்னால், அப்படிச் சொன்னதே அவற்றை வரவழைத்துவிடாதா என்று சில மருத்துவர்கள் கேட்பதுண்டு. இதைப் புறந்தள்ள இயலாது. மருந்தாய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் தலைவலி, குமட்டல் என்று கூறியிருக்கிறார்கள். எதிர்பார்ப்பே உடலில் வினையாற்றும் என்பது உண்மை. ஆயினும் சொல்லாமல் விடுவதால் எதிர்பார்ப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. அதன் இடத்தில் கற்பனை வந்து அமர்ந்துகொள்கிறது. "என்னென்னவோ வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அச்சுறுத்தல். "முதல் பத்து நாட்கள் வயிறு புரட்டலாம், உறக்கம் கெடலாம், பதற்றமே சற்றுக் கூடினாற்போலத் தோன்றலாம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், அடங்காவிட்டாலும், நடுவில் பொறுக்க முடியாமல் போனாலும் என்னிடம் வாருங்கள், மாற்றுவழி இருக்கிறது" என்று சொல்வது வழித்துணை. பின்னதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

சொல்லின் துல்லியம் நோயாளியின் பக்கத்திலும் வேண்டும். இங்கே மொழியில் அக்கறையுடைய நமக்கு ஒரு வேலை இருக்கிறது. மனநல மருத்துவத்தில் 'அகதீசியா' என்றொரு கலைச்சொல் உண்டு. 1901இல் செக் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ், கிரேக்கத்திலிருந்து உட்கார இயலாமை என்ற பொருளில் அதை உருவாக்கினார். ஓரிடத்தில் அமர முடியாமல், உள்ளிருந்து ஏதோ உந்த, கால்கள் நடந்துகொண்டே இருக்கச் சொல்லும் நிலை அது. இந்த மருந்துகளாலும் சிலருக்கு அது நேரக்கூடும். "இருப்புக்கொள்ளவில்லை" என்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் தொடர் அந்நிலையைக் கிரேக்கச் சொல்லுக்கு இணையாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் மருத்துவர் முன் அமர்ந்ததும் நாம் அதை விட்டுவிட்டு, "டென்ஷனா இருக்கு டாக்டர்" என்கிறோம். அவர் அதைப் பழைய நோயின் தொடர்ச்சி என்று எழுதிக்கொள்ளக்கூடும். இருப்புக்கொள்ளவில்லை, அதுவும் மாத்திரை தொடங்கிய பிறகுதான் என்று சொன்னால், மருந்தின் அளவை அவர் மறுபரிசீலனை செய்ய இயலும். 'மயக்கம்' என்ற ஒரே சொல்லால் தலைசுற்றலையும் தூக்கக் கலக்கத்தையும் நினைவு தப்புவதையும் குறிப்பதும் இத்தகைய இடையூறே. கிறுகிறுப்பு, ஓக்காளம், உடல் பதறுதல், நெஞ்சு படபடத்தல் என நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் வளம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கதைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

நம் மரபு மருத்துவத்தில் 'பத்தியம்' என்ற வழக்கம் இருந்தது. மருந்து கொடுக்கும்போதே எத்தனை நாள், எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எந்த அனுபானத்தில் கொள்ள வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்பட்டுவிடும். அம்மருந்துகளின் ஆற்றல் பற்றிய விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. அந்த ஏற்பாட்டின் ஒரு பயனைச் சுட்டுகிறோம்: மருந்துக் காலம் என்பது எல்லை வகுக்கப்பட்ட காலம் என்றும், அதில் இருப்பவர் கவனிக்கப்பட வேண்டியவர் என்றும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

புதிய மாத்திரைகளுக்கும் அத்தகைய பத்தியம் ஒன்று உண்டு. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது முதல் விதி. பீதிக் கோளாறில் எஸ்சிட்டலோபிராமை முதல் வாரம் 5 மில்லிகிராமில் தொடங்கிப் பின் 10க்குச் செல்வதும், செர்ட்ரலினை 25இல் தொடங்கி 50க்குச் செல்வதும் வழக்கம். அவரவர்க்கு உரிய அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். உறக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் அழுத்தினால் இரவிலும் கொள்ளுமாறு மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். காப்பியைக் குறைப்பது நல்லது. அது தரும் படபடப்பு மருந்தின் கணக்கில் ஏறிவிடும். மதுவை விலக்க வேண்டும். சில மருத்துவர்கள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் குளோனஸிபாம் போன்ற ஒன்றைச் சிறு அளவில் துணைக்குத் தருவார்கள். அது பழக்கமாகிவிடக் கூடியது என்பதால், எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதிவைப்பது உதவும். ஆறாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் ஒன்றல்ல என்பதைப் பதற்றத்தில் இருக்கும் மனம் நம்பாது. தன் கையெழுத்தைப் பார்த்தால் நம்பக்கூடும். நிறுத்துவதானாலும் தானாகச் சட்டென நிறுத்தலாகாது. தலைச்சுற்றலும் மின்னதிர்ச்சி போன்ற உணர்வுகளும் வரக்கூடும் என்பதால் படிப்படியாகக் குறைப்பதே முறை.

எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தற்கொலை எண்ணம் தோன்றினாலோ கூடினாலோ, உறக்கமே தேவைப்படாத மிகையான கிளர்ச்சி வந்தாலோ, உடலில் தடிப்போ, கடும் காய்ச்சலுடன் உடல் விறைப்பும் குழப்பமுமோ கண்டாலோ அது காத்திருக்கும் நேரமன்று. உடனே மருத்துவரை நாட வேண்டும். இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறார்களுக்கு விதித்து, 2007இல் 24 வயதுவரை விரித்தது. தொடக்க வாரங்களில் இளைஞர்கள்மீது தனிக் கவனம் வேண்டும். பாலுணர்வுக் குறைவு போன்ற சில விளைவுகள் இரண்டு வாரத்தில் மறையாமல் நீடிக்கலாம். கூச்சத்தால் அதை மறைத்து மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதற்கும் மாற்று மருந்துகள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

இனி, இலக்கியம் சார்ந்த அந்தப் பழைய நம்பிக்கைக்கு வருவோம். துயரமே படைப்பின் முதல், அதை மாத்திரையால் கரைக்கக் கூடாது என்று மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சொல்லப்படுகிறது. நுண்ணுணர்வு மந்தமாவது போன்ற நிலை சிலருக்கு உண்மையிலேயே நேர்கிறது. அது மருத்துவரிடம் முறையிடத்தக்க பக்க விளைவு. ஆனால் முதல் பத்து நாட்களின் மந்தத்தைக் கொண்டு தன் எழுத்தின் எதிர்காலத்தைக் கணிப்பது அவசரம். நடுங்கும் கையோடு, மூன்று மணி நேரத் தூக்கத்தோடு இருப்பவரால் நோய்க் காலத்திலும் எழுத முடிந்ததில்லை என்பதை இவ்வாதம் வசதியாக மறந்துவிடுகிறது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் தம் கடும் மனச்சோர்வைப் பற்றி 1990இல் ஒரு சிறு நூல் எழுதினார். நோயிலிருந்து மீண்ட பிறகே அவரால் அதை எழுத முடிந்தது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை எண்ணுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிசெய்பவரையும் சேர்த்தே அது நான்காக்குகிறது. முதல் மூன்றும் இன்று ஓரளவேனும் கிடைக்கின்றன. நான்காவது இடம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அது நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் உரிய இடம். "எல்லாம் மனசுதான்" என்பதும், "இந்த மாத்திரையெல்லாம் வேண்டாம், விட்டுவிடு" என்பதும் அந்த இடத்திலிருந்து சொல்லத்தக்கவை அல்ல. உடன் சென்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். இரவில் விழித்துக்கொண்டால் அழைக்கச் சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் தெரியாவிட்டால், "இன்று எத்தனையாவது நாள்?" என்று தினமும் கேட்டாலே போதும். இது நாட்களை எண்ணிக் கடக்கக்கூடிய காலம்தான் என்பதை அந்தக் கேள்வியே அவருக்கு நினைவூட்டும்.