விளம்பரத்தில் ஒரு குரல், விபத்தில் ஒரு குரல்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் ஒன்று திருவள்ளூர் அருகே தடம்புரண்டு தீப்பற்றியது. 18 டேங்கர்கள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால், சென்னை - அரக்கோணம் ரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. திருவள்ளூருக்கு அடுத்து ஏகாட்டூர், அதற்கடுத்து கடம்பத்தூர். வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவமனைக்கும் மின்சார ரயிலையே நம்பியிருக்கும் ஊர் அது. அன்று சென்னைப் பக்கம் போகும் வழி அடைபட்டது.

தெற்கு ரயில்வே பேசாமல் இருந்துவிடவில்லை. பாதுகாப்பு கருதி மேல்நிலைக் கம்பிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை எக்ஸ் தளத்தில் தெரிவித்தது. ரத்தான ரயில்கள், பாதி வழியில் நிறுத்தப்பட்டவை, மாற்றுப் பாதையில் விடப்பட்டவை என்று பட்டியல்களும் வந்தன. முன்பதிவு செய்து வெளியூர் கிளம்பியவருக்கு அந்தப் பட்டியல் போதும். கடம்பத்தூர் நடைமேடையில் நிற்பவரின் கேள்விகள் வேறு. லோக்கல் எதுவரை ஓடும்? பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய்விட்டால் அங்கிருந்து வண்டி கிடைக்குமா? மதிய ஷிப்டுக்குள் சரியாகிவிடுமா? இப்படிப்பட்ட நேரங்களில் அவருக்கு விடை சொல்வது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்கள்தான். அவற்றில் பாதி உண்மை, பாதி ஊகம்.

விளம்பர உலகம் ‘பிராண்ட் வாய்ஸ்’ என்று சொல்கிற விஷயத்தை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் சமூக ஊடகத்தில் எப்போதும் ஒரே மாதிரியான குரலில் பேச வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள். சரியான அறிவுரை. அதை நம் நிறுவனங்கள் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. லோகோவின் நிறம், எழுத்துரு, பண்டிகை வாழ்த்தின் வடிவம் ஆகியவற்றைச் சீராக வைத்திருந்தால் குரலும் சீராக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். குரலின் ஒழுங்கு சோதிக்கப்படுவது பொங்கல் வாழ்த்தில் அல்ல. பொருள் பழுதாகும்போதும், ஊழியர் பாதிக்கப்படும்போதும், ஊர் பயப்படும்போதும் நிறுவனம் யாரிடம், எப்படிப் பேசுகிறது என்பதில்தான் அது தெரியும்.

தமிழ்நாடு கண்ட மிகத் தெளிவான உதாரணம் 2021 அக்டோபரில் நடந்தது. சொமாட்டோவில் வாங்கிய உணவில் ஒரு பொருள் வராததால் பணத்தைத் திருப்பிக் கேட்டார் ஒரு வாடிக்கையாளர். உணவகத்துடன் பேசுவதில் மொழிச் சிக்கல் இருப்பதாகச் சொன்ன உதவி மையப் பணியாளர், இந்தி தேசிய மொழி என்றும், எல்லோருக்கும் அது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த உரையாடலின் படம் பரவியது. நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் நாடு முழுவதும் பேசப்பட்டது. மறுநாள் தமிழிலேயே மன்னிப்புக் கடிதம் வந்தது. பணியாளரை நீக்கிவிட்டதாகவும், செயலியைத் தமிழில் உருவாக்கிவருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைக்கப்போவதாகவும் அது சொன்னது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், அந்தப் பணியாளரை மீண்டும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். நாட்டில் சகிப்புத்தன்மை கூட வேண்டும் என்ற அறிவுரையும் கூடவே வந்தது.

ஒரு சாதாரணப் பணியாளரின் வேலையைப் பறிக்காமல் விட்டது நல்ல முடிவுதான். ஆனால், அந்த இரண்டு நாட்களில் தமிழ் வாடிக்கையாளர் கேட்ட குரல்களை எண்ணிப் பாருங்கள். விளம்பரத்தில் இசையமைப்பாளர் அனிருத் அன்பாக அழைத்தார். சாட்டில் ஒருவர் பாடம் எடுத்தார். கடிதம் பணிந்து மன்னிப்புக் கேட்டது. நிறுவனர் கடிந்துகொண்டார். நான்கும் ஒரே பெயரில் வந்தன. சமூக ஊடகத்தைக் கவனித்துக்கொண்ட குழு திறமையற்றதாக இருந்ததால் இது நேரவில்லை. விளம்பரத்துக்குத் தமிழ் வேண்டும் என்று முடிவெடுத்த நிறுவனம், புகார் கேட்கும் மேசைக்கும் தமிழ் வேண்டும் என்பதை அதுவரை முடிவு செய்யாததால் நேர்ந்தது. நிறுவனத்தின் உண்மையான குரல் எது என்பதை விளம்பர மாடல் தீர்மானிப்பதில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து பதில் எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார்.

தவறாகப் பேசிய குரல் அது. பேசாமலே இருந்த குரலின் விலை இன்னும் பெரியது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பகுதி விடுதியில் தங்கியிருந்த, ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் உணவு நஞ்சானதால் பாதிக்கப்பட்டார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போன தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதை நம்பும்படி சொல்ல ஆளில்லாத நிலையில், சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை மறுநாள்வரை முடங்கியது. அரசு அதிகாரிகள் நேரில் வந்து விளக்க வேண்டியிருந்தது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களின் பிரச்சினை கெட்ட உணவும் நெரிசலான விடுதியும்தான். நல்ல குரல் அதை மூடி மறைத்திருக்கக் கூடாது. ஆனால், எத்தனை பேர் எந்த மருத்துவமனையில், என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதைத் தொழிலாளர்களின் அலைபேசிக்கு, அவர்கள் நம்பும் பெயரில், மணிக்கொரு முறை அனுப்பியிருந்தால் மரண பயத்துடன் அவர்கள் இரவைக் கழித்திருக்க வேண்டியதில்லை. உலகமெங்கும் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு, தங்கள் விடுதியில் தூங்கும் பெண்ணிடம் பேச ஒரு குரல் இல்லாமல் போனது.

கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை என்று திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் தொழிற்பேட்டைகள். இந்த ஆலைகளில் பலவற்றுக்கு லிங்க்ட்இன் பக்கம் உண்டு. அதில் ஆங்கிலத்தில் விருது, சான்றிதழ், வெளிநாட்டு விருந்தினர் வருகை. பேஸ்புக் பக்கம் இருந்தால் ஆயுத பூஜைப் படங்கள். ஆலையின் சுவரை ஒட்டி வாழும் ஊர்க்காரர், நள்ளிரவில் நெடி அடித்தால் அது என்ன என்று கேட்க இந்தப் பக்கங்களில் இடமில்லை. கேட்டாலும் பதில் வருவதில்லை. அவர் வீடியோ எடுத்து உள்ளூர் யூடியூப் சேனலுக்கு அனுப்புகிறார். அன்று முதல் அந்த ஆலையின் குரல் அந்த சேனல்தான்.

பதில் வரும் பக்கங்களிலும் இன்னொரு கோளாறு இருக்கிறது. பொங்கலுக்கு ‘வாங்க மக்களே, அள்ளிட்டுப் போங்க’ என்று கூப்பிடும் ஒரு கடையின் பக்கத்தில், வாங்கிய மிக்ஸி மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று எழுதிப் பாருங்கள். ‘தங்களது புகார் உரிய துறையின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று வரும். விற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர், விற்ற பிறகு தாலுகா அலுவலகம். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிற நம் மொழியில் இந்தப் பிளவு பளிச்சென்று தெரிகிறது. படிப்பவர் ஒரு நொடியில் புரிந்துகொள்கிறார்: என் பணம் இருந்தபோதுதான் நான் இவர்களுக்குச் சொந்தம். துக்கத்தில் பேசுவதும் திருவிழாவில் பேசுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, தொனி மாறலாம். பேசுகிற ஆள் மாறக் கூடாது.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமுல் சிறுமி 1966இல் பிறந்தாள். சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கிய அந்தக் குரல் சுவரொட்டியிலிருந்து எக்ஸ் தளம்வரை மாறவில்லை. காரணங்கள் இரண்டு. ஒரு சிறிய குழு பல பத்தாண்டுகளாக அதே வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம் என்ற சுதந்திரத்தை அமுலை வழிநடத்திய வர்கீஸ் குரியன் தொடக்கத்திலேயே கொடுத்தார். ஆண்டுக்கொரு ஏஜென்சியை மாற்றி, ஒரு வரி பதிவுக்கு ஐந்து மேலாளர்களின் ஒப்புதல் கேட்கும் நிறுவனங்களுக்கு அமுலின் குரல் வாய்க்காது.

அரசுத் துறையிலும் உதாரணம் உண்டு. 2023 மார்ச்சில், பிஹார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. காவல் துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு தானே வீடியோவில் தோன்றி, அந்தக் காட்சிகள் வேறு சம்பவங்களைச் சேர்ந்தவை என்று விளக்கினார். தொழிலாளர்களுக்குப் புரியும் இந்தியிலும் செய்திகள் வெளியிடப்பட்டன. உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. பிஹாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நிலைமையை நேரில் பார்த்துத் திரும்பியது. வெவ்வேறு மொழியில் சொன்னாலும் செய்தி ஒன்றாகவே இருந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டி ஆலைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். தமிழில் ஒன்று, இந்தியில் பாதி, ஒடியாவில் ஒன்றுமில்லை என்றால் வதந்திக்கு வேண்டிய இடைவெளி தானாகவே உருவாகும்.

நாங்கள் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுப்பவர்கள், எங்களுக்கு எதற்குக் குரல் என்று சிறு தொழில் முனைவோர் கேட்கலாம். வாடிக்கையாளர் நான்கு பேர்தான் என்பது உண்மை. ஆனால், வேலைக்கு வர வேண்டியவர்களும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்பவர்களும் நூற்றுக்கணக்கானவர்கள். பேசினால் வழக்கில் சிக்கிக்கொள்வோம் என்று வக்கீல்கள் எச்சரிக்கலாம். ‘காரணம் இன்னும் தெரியவில்லை, காயம்பட்டவர்கள் இந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், அடுத்த தகவல் பத்து மணிக்கு’ என்று சொல்வது எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாகாது. அந்தப் பத்து மணித் தகவலைத் தவறாமல் வெளியிட்டால், அதன் பிறகு சொல்வதையும் மக்கள் நம்புவார்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பக்கம் எழுதினால் போதும். நாம் யாரிடம் பேசுகிறோம்: வாங்குபவர், வேலை செய்பவர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர். எந்த மொழிகளில்: முதலில் தமிழ், அதே உள்ளடக்கத்தோடு தொழிலாளர்களின் மொழிகள். எப்படி அழைக்கிறோம்: விற்கும்போதும் புகார் கேட்கும்போதும் ஒரே மரியாதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வோமா: ஆம். இரவு இரண்டு மணிக்கு யார் பதிவிடலாம்: ஒருவரின் பெயர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவரின் பெயர். இந்தப் பக்கம் விளம்பரப் பிரிவின் அலமாரியில் கிடக்கக் கூடாது. செக்யூரிட்டி அறை, எச்.ஆர். மேசை, விடுதிக் காப்பாளர், வாட்ஸ்அப் குழு அட்மின் என எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள். 2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டி தடத்தில் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. ஒன்பது மாதத்தில் திருவள்ளூர் தீ. ஒரே மாவட்டத்தின் இரு தடங்களும் அடுத்தடுத்து அடிவாங்கியிருக்கின்றன. வண்டி எண் பட்டியலோடு, புறநகர்ப் பயணிக்கென்று தனியாக, தமிழில், நிலையம் வாரியாக ஒரு பதிவைக் கட்டாயமாக்குங்கள்: எதுவரை ஓடுகிறது, எப்போது அடுத்த தகவல். தினமும் சீசன் டிக்கெட்டில் வருபவர்தான் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்.

இந்த வட்டாரத்து நிறுவனங்கள் அடுத்த தீபாவளி வாழ்த்துக்கு டிசைனரைத் தேடும் முன், விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வோம் என்பதை எழுதி, கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளட்டும். அதை எழுதிவைக்காத நிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கலாம், குரல் இல்லை.