காயத்துக்குச் சாட்சி கேட்கும் அரசு

1951-ல் கொரியப் போர்க்களத்தில் மார்ட்டர் குண்டு ஒன்று வெடித்து, அதன் இரும்புச் சிதறல் ஓர் இளம் அமெரிக்கச் சிப்பாயின் காலில் பாய்ந்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் அது அவர் காலுக்குள்ளேயே இருந்தது. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு அந்நாட்டு ராணுவம் தரும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கத்தை, மகள்கள் வற்புறுத்தியதால், முதுமையில் அவர் கேட்டார். 2020-ல் மறுத்துவிட்டார்கள். காயம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சை அளித்ததற்கான பதிவு கோப்பில் இல்லை என்பதுதான் காரணம். களத்தில் அவருக்குக் கட்டுப்போட்ட மருத்துவ உதவியாளர், அந்தக் குறிப்பை எழுதுவதற்கு முன்பே கொல்லப்பட்டிருக்கலாம். அருகில் நின்று பார்த்த தோழர்களில் போரைத் தாண்டி வந்தவர்களே வெகு சிலர். 2023-ல் அவர் நீதிமன்றம் போனார். 2024-ல், தமது 96-வது வயதில், பதக்கத்தைப் பெற்றார். காயத்துக்கும் பதக்கத்துக்கும் இடையே 73 ஆண்டுகள்.

காயத்தைப் பதிவு செய்ய வேண்டியதும் அந்தப் பதிவைக் காக்க வேண்டியதும் ராணுவத்தின் வேலை. பதிவு தொலைந்தால் நஷ்டம் மட்டும் சிப்பாயின் தலையில் விழுகிறது. இந்த அநீதி அமெரிக்காவில் பெரும்பாலும் விபத்தாலும் பாரபட்சத்தாலும் நேர்ந்தது. நம் நாட்டில் அதை விதியாகவே எழுதி வைத்தார்கள். என் கவலை அதுதான்.

பர்ப்பிள் ஹார்ட் வீரதீரத்துக்கான விருது அல்ல. மேலதிகாரியின் பரிந்துரை அதற்குத் தேவையில்லை. எதிரியின் செயலால் காயம், மருத்துவ அலுவலர் சிகிச்சை தரும் அளவுக்கான காயம், அந்தச் சிகிச்சைக்குப் பதிவு ஆகியவை இருந்தால் அது உரிமையாகவே வந்து சேர வேண்டியது. 1782 ஆகஸ்ட் 7 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் சாதாரணச் சிப்பாய்களின் தகுதியைப் போற்ற ஊதாத் துணியில் இதய வடிவிலான அடையாளம் ஒன்றை ஏற்படுத்தினார். பிறகு அது மறக்கப்பட்டது. அவருடைய 200-வது பிறந்தநாளான 1932 பிப்ரவரி 22 அன்று, தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் அதை இன்றைய வடிவில் மீட்டெடுத்தார். 1945-ல் ஜப்பான் மீது படையெடுக்கத் திட்டமிட்டபோது சுமார் 5 லட்சம் பதக்கங்களைச் செய்து அடுக்கினார்கள். அந்தப் படையெடுப்பு நடக்கவே இல்லை. கொரியா, வியட்நாம் என்று அடுத்தடுத்த போர்களில் காயம்பட்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் அந்த இருப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். பதக்கம் கிடங்கில் கிடந்தது. கேட்டவர்களிடம்தான் தாள் இல்லை.

தாள் ஏன் இல்லை? 1973 ஜூலை 12 அன்று, நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்தத் தளத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. தீயை முழுவதும் அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அதில் போயிற்று. நகல் கிடையாது, நுண்படமும் எடுக்கப்படவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் சண்டையிட்ட தலைமுறைகளின் வாழ்க்கை அந்த மாடியில் இருந்தது.

அமெரிக்கர்களின் முயற்சியையும் சொல்லியாக வேண்டும். நனைந்தும் கருகியும் மீண்ட லட்சக்கணக்கான கோப்புகளை அவர்கள் குப்பையில் போடவில்லை. பூஞ்சணம் பரவாமல் குளிரூட்டிய அறைகளில் வைத்திருக்கிறார்கள். யாராவது தம் தந்தையின் கோப்பைக் கேட்டால், ஓரம் கருகிய தாளைப் பணியாளர் ஒருவர் மெல்லப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்; கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அகச்சிவப்புக் கதிர் கேமரா கொண்டு படிக்கிறார்கள். சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் காலை அறிக்கை, 1988-ல் கிடைத்த பழைய மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் என்று கிடைத்ததையெல்லாம் கோத்து ஒரு மனிதரின் பணிக்காலத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள். இவ்வளவு அக்கறை உள்ள நாட்டிலும், கொரியாவில் காயம்பட்டவர் வழக்குப் போட வேண்டியிருந்தது.

எல்லாப் பதிவையும் தீ தின்னவில்லை. சில காயங்கள் முதலிலேயே எழுதப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் இறங்கிய கறுப்பினச் சிப்பாய்களின் கதை அது. தலையில் காயம்பட்ட ஒசியோலா ஃப்ளெட்சருக்கு 2021 ஜூனில், தமது 99-வது வயதில்தான் பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தது. நியூயார்க்கில் நடந்த விழாவில் ராணுவத் தலைமைத் தளபதியே வந்து அணிவித்தார். அதே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஜானி ஜோன்ஸ் தமது 101-வது வயதில் அதைப் பெற்றார். ஜோன்ஸின் கழுத்தில் குண்டுச் சிதறல் தங்கியிருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அதை அகற்றிக்கொள்ள நியூ ஆர்லியன்ஸுக்குக் காரோட்டிச் சென்றபோது, வெள்ளைக்காரக் காவலர் ஒருவர் வழியில் நிறுத்தி அவரைக் கீழே தள்ளி உதைத்தார். நாஜிகளிடம் பட்ட காயத்தைக் கழுத்தில் சுமந்தபடி சொந்த ஊர்க் காவலரின் உதையை வாங்கியவர், சட்டம் படித்தார். 1953-ல் பேட்டன் ரூஜ் பேருந்துப் புறக்கணிப்பில் போராட்டக்காரர்களின் வழக்கறிஞராக நின்றார். பதக்கம் பெற்ற மறு ஆண்டே இறந்துபோனார்.

கண்ணுக்குத் தெரியாத காயத்தின் நிலை இன்னும் மோசம். 2020 ஜனவரி 8 அன்று இராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கர் எவருக்கும் பாதிப்பில்லை என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் இருப்பது உறுதியானது. தலைவலி என்றுதான் கேள்விப்பட்டேன், பெரிய விஷயமில்லை என்று அவர் சொன்னது அந்த வீரர்களின் மனதில் எப்படி விழுந்திருக்கும்! முதலில் 29 பேருக்கு மட்டும் பதக்கம். தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் விடாமல் துருவிய பிறகு, 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு. இங்கே பதிவு தொலையவில்லை. தாக்குதலில் சேதமில்லை என்று முதலில் சொல்லிவிட்டபடியால், காயத்தை ஒப்புக்கொள்வது சங்கடமாகிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எதிரியின் நேரடி நடவடிக்கையில் காயம்பட்டவர்களுக்கு இங்கும் காயப் பதக்கம் உண்டு. ஆனால் அதைவிடச் சிப்பாயின் வாழ்க்கையை நிர்ணயிப்பது, அவருடைய காயத்தை ரெக்கார்ட் ஆபீஸ் எந்த வகையில் எழுதுகிறது என்பதுதான். போர்க்காயம் என்று எழுதப்பட்டு, நூறு விழுக்காடு ஊனத்தோடு வெளியேற்றப்பட்டவருக்கு, பணிக்கால ஓய்வூதியத்துக்கு மேல், கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான தொகை சேரும். பணியால் நேர்ந்த சாதாரண ஊனம் என்று எழுதிவிட்டால் அந்தக் கூடுதல் தொகை சம்பளத்தில் 30 விழுக்காடுதான். பணிக்கும் காயத்துக்கும் தொடர்பில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் அதுவும் இல்லை. முகாமில் ஒரு குமாஸ்தா பார்ட்-டூ ஆர்டர் என்ற பணிப்பதிவு ஆணையில் எழுதும் ஒற்றை வரி, ஒரு குடும்பத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை முடிவு செய்கிறது. குண்டு விழும் இடத்தில், பதுங்குகுழியில், அந்த வரி சரியாக எழுதப்படுகிறதா என்று பார்க்கக் காயம்பட்டவருக்கு ஏது நிதானம்?

இதை நம் பழைய ஓய்வூதிய விதிகள் உணர்ந்தே இருந்தன. தகுதியை நிரூபிக்கும்படி கோருபவரைக் கேட்கக் கூடாது, நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும் என்றது 1982-ம் ஆண்டு விதி. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உயர்த்திப் பிடித்தது. படையில் சேரும்போது நல்ல உடல்நிலையில் எடுத்துக்கொண்ட ஒருவர் பின்னால் நோயாளியாகி வெளியேறினால், அதற்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று காட்ட வேண்டியது அரசுதான் என்றது. நல்ல தீர்ப்பு.

ஆனால் 2008-ல் வகுக்கப்பட்ட விதிகளில் வேறொன்று நுழைந்துவிட்டது. பணியிலிருந்து வெளியேறி 15 ஆண்டுகளுக்குப் பிறகு கோரிக்கை வந்தால், நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருடையது என்றது அது. காரணமும் அந்த விதியிலேயே இருந்தது. குறித்த கால அளவு முடிந்து பணி ஆவணங்கள் அதற்குள் அழிக்கப்பட்டிருக்குமாம்! ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய சிப்பாய்களின் கோப்புகளைப் பெரும்பாலும் 25 ஆண்டுகள் கழித்து எரித்துவிடுவது ராணுவ அலுவலகங்களில் வழக்கமாக இருந்திருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் வழக்குகளில் இந்தப் பதில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். செயின்ட் லூயிஸில் நடந்தது தீ விபத்து. நாம் நாள் குறித்து எரித்திருக்கிறோம். எரித்தவரிடம் கேள்வி இல்லை. காயம்பட்டவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

வழக்கில் வென்றாலும் இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை. தர்செம் சிங் என்ற சிப்பாய் 1983-ல் உடல் தகுதி இழந்து வெளியேற்றப்பட்டார். 1999-ல் உயர் நீதிமன்றம் போனார். ஊன ஓய்வூதியம் அவருடைய உரிமை என்று ஏற்கப்பட்டது. ஆனால் நிலுவைத் தொகை, வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தாமதமாக வந்தவர் பழைய காலம் முழுவதையும் கேட்க முடியாது என்ற சட்ட வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊனத்தோடு ஊர் திரும்பும் கிராமத்துச் சிப்பாய்க்கு, தமக்கு இப்படியொரு உரிமை இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? அவரை அனுப்பி வைத்த நாளிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கான விலையும் அவரிடமே வசூலிக்கப்படுகிறது.

தமிழகத்துக்கு இது எட்டத்துச் செய்தி அல்ல. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். அதைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் ஊர்கள் நம்மிடம் பல. 1965, 1971 போர்களில் நின்றவர்கள், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அமைதிப்படையில் மட்டும் காயம்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். அந்தப் போர் சரியா தவறா என்பதில் தமிழர்களிடையே ஆழ்ந்த கருத்து வேறுபாடு உண்டு. எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் காலிழந்த சிப்பாய் அல்ல. அவரை அனுப்பிய அரசு, அரசியல் சங்கடத்தைக் காரணமாக வைத்து அவருடைய காயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது.

இது போன்ற வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய டிஸ்சார்ஜ் புக். இரண்டொரு பதக்கம், அடையாள அட்டை, அலுவலகங்களுக்கு எழுதிய மனுக்களின் நகல். மனுக்களுக்குப் பதிலாக வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் இருக்கும்: ஆவணங்கள் இல்லாததால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரி, ஆவணம் ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கினாலே நிலைமை மாறத் தொடங்கும். அழித்தது அலுவலகம்தான் என்றால், அந்தக் கோரிக்கையில் சந்தேகத்தின் பலன் எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் சிப்பாய்க்கே போக வேண்டும். 2023-ல் விதிகள் மறுபடியும் மாற்றி எழுதப்பட்டன, இனியும் மாற்றப்படும். எந்தத் திருத்தத்திலும் இதற்கு விலக்கு இருக்கக் கூடாது.

போலிக் கோரிக்கைகள் பெருகும் என்பார்கள். வரும், ஆராய்ந்து தள்ளட்டும். எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரியும் உலோகத் துண்டை யாரும் ஜோடிக்க முடியாது. படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு, அது எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று சொல்லும். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒரு மருத்துவரும் ஓர் ஆவண அலுவலரும் போதும். தீர்ப்பாயத்தில் தோற்ற பிறகும் உச்ச நீதிமன்றம் வரை ஊன ஓய்வூதிய வழக்குகளை இழுக்கும் பழக்கத்தைக் கைவிடும்படி பாதுகாப்பு அமைச்சரே நியமித்த வல்லுநர் குழு 2015-ல் பரிந்துரைத்தது. அந்த மேல்முறையீடுகளுக்குச் செலவாகும் அலுவலர் நேரத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

தில்லி விதியை மாற்றும்வரை மாநில அரசு காத்திருக்கத் தேவையில்லை. 1971-ல் 20 வயதில் களத்தில் இருந்தவருக்கு இன்று 70 கடந்துவிட்டது. சாட்சி சொல்லக்கூடிய தோழர்களுக்கும் அதே வயது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவருக்கு முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டத்தின் பாலிகிளினிக் கதவும் பெரும்பாலும் திறக்காது. அவர் போகக்கூடிய இடம் அரசு மருத்துவமனைதான். மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. ஆட்சியர் நடத்தும் படைவீரர் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரை அழைத்து, பழைய காயம் உள்ள ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரே எடுக்கலாம். அவருடைய வாக்குமூலத்தையும், உடனிருந்தவர் உயிரோடிருந்தால் அவருடையதையும் அதிகாரி முன்னிலையில் பதிவு செய்து, ஒரு நகலை ரெக்கார்ட் ஆபீஸுக்கும் ஒரு நகலை அந்த வீட்டுக்கும் தரலாம். அடுத்த குறைதீர் கூட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.